எந்தப் பாட்டிலுக்குப் பயப்பட வேண்டும்?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர் அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஆறு வருடமாகத் தடுமன் விடவே மாட்டேன் என்கிறது. காலையில் முற்றம் பெருக்கக் குனிந்தால் வரிசையாக இருபது முப்பது தும்மல், மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும், கண்ணும் அண்ணமும் அரிக்கும். ஆடி மாதமும், மாசி பங்குனியில் அறுப்பு நேரமும் ரொம்ப மோசம். இராத்திரி மூக்கடைப்புக்கு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டு வருடமாக அதைப் போட்டால்தான் தூக்கம். ஒரு டாக்டர் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டு, பழகிவிடும், எலும்பெல்லாம் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நாலு நாள் அடித்துவிட்டு எடுத்து வைத்துவிட்டேன், பலனும் தெரியவில்லை. போன வருடம் ஒரு ஊசி போட்டார்கள், ஒன்றரை மாதம் ஒரு தும்மல்கூட இல்லை, அப்புறம் பழையபடி வந்துவிட்டது. அதே ஊசியை மறுபடி போடலாமா? தலைக்குக் குளிப்பதும் தயிர் சாப்பிடுவதும்தான் காரணம் என்று அத்தை சொல்கிறார்கள். எட்டு வயது மகளும் இப்போது மூக்கைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். இதற்கு நிரந்தரமாக ஒரு வழி கிடையாதா?"

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனதில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். உங்கள் வீட்டில் இரண்டு பாட்டில் இருக்கிறது. ஒன்று தலைமாட்டில் இருக்கும் சொட்டு மருந்து, இன்னொன்று எடுத்து வைத்துவிட்ட ஸ்பிரே. எதைக் கண்டு பயந்தீர்களோ அதுதான் உங்களுக்கு வேண்டிய மருந்து. எதை நம்பித் தூங்கப் போகிறீர்களோ அதுதான் இன்றைக்கு உங்கள் மூக்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. சொட்டு மருந்தை எத்தனை நாள் போடலாம் என்று விற்றவர் சொல்லவில்லை, ஸ்பிரே எத்தனை நாளில் வேலை செய்யும் என்று எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் இது தடுமன் இல்லை. தடுமன் வைரஸால் வருவது, தொண்டை வலி, உடம்பு வலி, கொஞ்சம் காய்ச்சல் என்று வந்து ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். ஆறு வருடம் நிற்காத தடுமன் என்று ஒன்று கிடையாது. அடுக்கடுக்கான தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகுதல், அரிப்பு, அடைப்பு இந்த நான்கும் சேர்ந்து, தூசி பட்டதும் கிளம்பினால் அது மூக்கு அலர்ஜி. அதிலும் அரிப்பு முக்கியமான தடயம், சாதாரணத் தடுமனில் கண்ணும் அண்ணமும் இப்படி அரிக்காது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாதுதான், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

நிறையப் பேர் இதை எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நினைத்துச் சத்து மாத்திரை கேட்பார்கள். உண்மையில் நேர்மாறு. உங்கள் உடம்பின் காவல்காரன் ரொம்ப விழிப்பாக இருக்கிறான், தெருவில் போகிற அப்பாவியையும் திருடன் என்று பிடிக்கிறான். வீட்டுத் தூசியையும் மகரந்தத்தையும் எதிரி என்று நினைத்து உடம்பு ஐஜிஇ என்னும் ஒரு புரதத்தைத் தயாரித்து, மூக்கின் உள்தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. அடுத்த தடவை அதே தூசி வந்து அதில் பட்டதும் அந்த செல்கள் வெடித்து ஹிஸ்டமின் என்னும் ரசாயனத்தைக் கொட்டும். தும்மலும் அரிப்பும் ஒழுகலும் சில நிமிடத்தில் வருவது அதனால்தான். கதை அதோடு முடிவதில்லை. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை ஒன்று வரும். வேறு வகை செல்கள் மூக்குக்குள் வந்து குவிந்து, உள்தோல் வீங்கி, மூக்கு அடைத்துக்கொள்ளும். காலையில் பெருக்கினதற்குச் சாயந்தரம் ஏன் அடைக்கிறது என்று யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு அலையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த மருந்து எதற்கு என்பது தானாகப் புரிந்துவிடும்.

சரி, சொட்டு மருந்துக்கு வருகிறேன். அதன் பெட்டியில் ஆக்சிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் என்று போட்டிருக்கும், பாருங்கள். மூக்குக்குள் இருக்கிற இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை, குழாய் சுருங்கினதும் வீக்கம் வடிந்து ஐந்து பத்து நிமிடத்தில் மூச்சு கிடைக்கும். அதனால்தான் அது அருமையான மருந்து மாதிரித் தெரிகிறது. ஆனால் மருந்தின் பிடி விட்டதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்துகொள்ளும், அடைப்பு இரட்டிப்பாகும், மறுபடி சொட்டு விடத் தோன்றும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்கு மேல் இதைப் போடவே கூடாது. உங்களுக்கு இரண்டு வருடம். இப்போது இராத்திரி வருகிற அடைப்பில் பாதி அலர்ஜி, பாதி அந்தச் சொட்டு மருந்தே உண்டாக்கியது. பழகிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா ஸ்பிரேயைப் பற்றிச் சொன்னது இந்தப் பாட்டிலுக்குத்தான் பொருந்தும்.

விடுவதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்தினால் மூச்சு முட்டி நடுராத்திரி மறுபடி பாட்டிலைத் தேடுவீர்கள். ஸ்பிரேயை இன்றே ஆரம்பியுங்கள். முதல் ஒரு வாரம், வலது மூக்குக்கு மட்டும் சொட்டு மருந்தை நிறுத்துங்கள், இடது பக்கம் இராத்திரி ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கமாவது மூச்சு போகும் என்ற தைரியம் இருந்தால் தூக்கம் வந்துவிடும். வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திறந்துகொள்ளும். அப்புறம் இடது பக்கமும் நிறுத்திவிடுங்கள். தலைமாட்டில் இன்னொரு தலையணையைச் சேர்த்துக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். முதல் நாலைந்து இராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தாண்டினவர்கள் யாரும் திரும்பப் போக ஆசைப்பட்டதை நான் பார்த்ததில்லை. அப்படியும் முடியவில்லை என்றால் நேரில் வாருங்கள், சில நாளுக்கு வேறு மருந்து சேர்த்துக் கடத்திவிடலாம்.

இப்போது அந்த ஸ்பிரே. ஆமாம், அது ஸ்டீராய்டுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு இப்படி ஏதாவது ஒரு பெயர் இருக்கும். அடிக்கடி வருகிற மூக்கு அலர்ஜிக்கு உலகம் முழுக்க முதலில் எழுதப்படுவது இதுதான், இரண்டாவது அலையை, அதாவது வீக்கத்தையும் அடைப்பையும், அடக்குகிற மருந்துகளில் இதற்கு இணை இல்லை. பயத்துக்குப் பதிலாகக் கணக்கைப் பாருங்கள். ஃபுளூட்டிகசோன் புரோப்பியனேட் ஒரு தடவை அடித்தால் 50 மைக்ரோகிராம், இரண்டு மூக்குக்கும் இரண்டிரண்டு தடவை என்றால் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். அதில் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது 2 சதவீதத்துக்கும் குறைவு. 10 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி உடம்பெல்லாம் சுற்றும். மருந்துக்கு மருந்து வீரியம் வேறுபடும் என்பதும் உண்மைதான், இருந்தாலும் மூக்குக்குள் மட்டும் வேலை செய்கிற ஒன்றையும் எலும்பு வரைக்கும் போகிற ஒன்றையும் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக ஒன்றாகப் பார்க்கக் கூடாது. வரக்கூடிய தொந்தரவு என்றால் மூக்கு எரிச்சல், வறட்சி, சில பேருக்கு லேசாக இரத்தம். கண்ணில் பிரஷர் நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெரியாதுதான். சொட்டு மருந்து மாதிரி இது அடித்தவுடன் திறக்காது, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும், அதுவும் தினமும் அடித்தால்தான். தும்மல் வந்தால் மட்டும் அடிப்பது, நன்றாக இருக்கும் நாளில் விட்டுவிடுவது, இப்படிச் செய்தால் பணம்தான் வீண்.

அடிக்கும் விதத்தை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் 'ஸ்பிரே கேட்கவில்லை' என்று வருகிறவர்களை எதிரில் உட்கார வைத்து அடித்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் கைதான் தப்பாக இருக்கும், மருந்து சரியாகத்தான் இருக்கும். மூக்கை முதலில் சிந்திக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். புதுப் பாட்டில் என்றால் காற்றில் சில தடவை அடித்துப் பனி மாதிரி வருகிறதா என்று பாருங்கள். தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது, லேசாக முன்னால் குனிந்து தரையைப் பாருங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. இப்படிக் கையை மாற்றினால் ஸ்பிரேயின் முனை தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும், நடுச்சுவரில் படாது. நடுச்சுவரில் தினமும் அடித்தால்தான் புண்ணாகி இரத்தம் வரும். அடிக்கும்போது பூ முகர்கிற மாதிரி மெதுவாக உறிஞ்சினால் போதும், பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்குக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. 120 தடவை அடிக்கிற பாட்டில் ஒன்று உங்களுக்கு ஒரு மாதம் வரும். இரண்டு மூன்று மாதம் கழித்து, நன்றாகக் கட்டுப்பட்டதும், மூக்குக்கு ஒரு தடவையாகக் குறைக்கலாம், அப்போது அதே பாட்டில் இரண்டு மாதம் ஓடும்.

அந்த ஊசியைப் பற்றி ஒரே வார்த்தையில் சொன்னால், வேண்டாம். ஒன்றரை மாதம் நிம்மதி தந்தது என்றால் அது உடம்பில் தங்கி மெதுவாகக் கரைகிற ஸ்டீராய்டு ஊசியாக இருக்கத்தான் வாய்ப்பு. இந்த வகையில் 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், ஒரே நாளில் உடம்புக்குள் ஏற்றப்படுகிறது. சர்க்கரை ஏறும், மாதவிலக்கு தப்பும், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிவிடும், திரும்பத் திரும்பப் போட்டால் எலும்பு தேயும். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பயமெல்லாம் இந்த ஊசிக்கு முழுக்கப் பொருந்தும். சில இடங்களில் பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தருகிற மாத்திரைகளிலும் இதே ஸ்டீராய்டு இருக்கக்கூடும், அட்டையைக் காட்டாத மாத்திரையை வாங்காதீர்கள்.

அலர்ஜி மாத்திரை தனி. அது ஹிஸ்டமினைத் தடுப்பது, முதல் அலைக்கு, தும்மலுக்கும் அரிப்புக்கும் ஒழுகலுக்கும், நன்றாகக் கேட்கும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. பழைய காலத்து மாத்திரைகள், குளோர்பெனிரமின் மாதிரி, தூக்கத்தைக் கொண்டுவந்து விடும், மறுநாள் காலை வரை மந்தமாக இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவோ அறுப்பு மிஷின் பக்கம் நிற்கவோ கூடாது. செட்ரிசின், லெவோசெட்ரிசின் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் சிலருக்குச் சொக்கும், இராத்திரி போடலாம். ஃபெக்சோஃபெனடினில் தூக்கம் ரொம்பக் குறைவு, பழச்சாறோடு மட்டும் போடாதீர்கள், உடம்பில் சேராது. ஸ்பிரே தினமும், மாத்திரை தேவைப்படுகிற நாளில், இதுதான் உங்களுக்கு என் யோசனை. இன்னொன்று, இப்போது மெடிக்கலில் கேட்டால் லெவோசெட்ரிசினோடு மான்டெலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைத்தான் சர்வசாதாரணமாக எடுத்துத் தருகிறார்கள். ஆஸ்துமா இருந்தால் அதற்கு ஓர் இடம் உண்டு. மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால் அது முதலில் எடுக்க வேண்டிய மருந்து இல்லை. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மேல் போட்டது. மகளுக்கு யாராவது எழுதிக் கொடுத்து, பிள்ளை தூக்கத்தில் பயந்து அலறினால், மாத்திரையையும் யோசித்துப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது ரொம்ப எளிமையான, நல்ல பழக்கம். ஒட்டியிருக்கும் தூசி போய்விடும், அப்புறம் அடிக்கிற ஸ்பிரே தோலில் நன்றாகப் படும். கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் ஒரு டம்ளர், கால் லிட்டர் அளவு, அதில் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. தண்ணீர் கொதித்ததாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். தாமிரபரணித் தண்ணீரையே மூக்கில் ஏற்றிக் கழுவுகிறேன் என்று பெருமையாகச் சொல்லுகிற பெரியவர்களை எனக்குத் தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள், வேண்டாம். 2024இல் கேரளத்தில் குளத்துத் தண்ணீர் மூக்கில் ஏறி, மூளையைத் தாக்கும் அமீபாவால் பிள்ளைகள் இறந்துபோனார்கள். அபூர்வமான நோய்தான், ஆனால் கொதிக்க வைத்தால் அந்தப் பயமே இல்லை.

இப்போது வீடு. காலையில் பெருக்கும்போது உங்களைத் தும்ம வைப்பதில் பெரும் பங்கு தூசிப்பூச்சி, அதாவது டஸ்ட் மைட். அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் துகளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. கடிக்காது. அதன் எச்சம்தான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள். ஈரக்காற்றில் அது செழிக்கும், காய்ந்தால் செத்துப்போகும், ஆனால் செத்தாலும் எச்சம் மெத்தையிலேயே இருக்கும், துவைத்தால்தான் போகும். அதனால் விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு தடவை நல்ல சூடான தண்ணீரில் (கை வைக்க முடியாத சூடு, 60 டிகிரி) அரை மணி நேரம் ஊற வைத்துத் துவைத்து, வெயிலில் போடுங்கள். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா என்ன.

கல்யாணத்துக்குத் தந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கிறீர்களா? ஆமாம் என்றால் அதை விட்டு இறங்குவதே பாதிப் பண்டுவம். உங்களுக்குப் பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. கோரைப் பாயில் படுத்தால் பூச்சி குடியிருக்க இடம் குறைவு, ஈரத்துணியால் துடைத்து வெயிலில் நிறுத்தினால் வேலை முடிந்தது. முதுகு வலி இருந்து மெத்தை வேண்டும் என்றால் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலன் எதிர்பார்க்க முடியாது, நாலைந்தைச் சேர்த்துச் செய்தால்தான் வித்தியாசம் தெரியும், மருந்துக்குப் பதிலாகவும் இதைச் செய்ய முடியாது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் வாங்காதீர்கள், தூசிப்பூச்சியின் எச்சம் கனமானது, காற்றில் ரொம்ப நேரம் மிதக்காமல் படுக்கையிலேயே படிந்துவிடும்.

முற்றத்தைத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள், நம் ஆச்சிமார் தெளித்துவிட்டுத்தான் வாரியலைத் தொடுவார்கள். வீட்டுக்குள் ஈரத்துணி போட்டுத் துடைப்பதே நல்லது. ஒட்டடை அடிப்பது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது எல்லாம் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாளில் நீங்கள் கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ போய்விடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்திப் புகை அலர்ஜி இல்லை, எரிச்சல்தான், ஆனால் ஏற்கெனவே வீங்கின மூக்குக்கு அது போதும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். அத்தை தார்சாவில் உட்கார்ந்து சொளவில் பீடி சுற்றுகிறவர்களா என்று தெரியவில்லை, உங்கள் பக்கத்தில் நிறைய வீட்டில் உண்டு என்பதால் கேட்கிறேன். அது வீட்டுக்கு வருகிற துட்டு, நிறுத்தச் சொல்ல மாட்டேன். புகையிலைத் தூளை மூடி போட்ட டப்பாவில் வைத்து, காற்றோட்டமுள்ள திண்ணையில் சுற்றி, படுக்கிற அறைக்குள் மட்டும் கொண்டுவராமல் இருந்தால் உங்களுக்கும் நல்லது, அவர்கள் நெஞ்சுக்கும் நல்லது.

ஆடிக்கும் அறுப்புக்கும் காரணம் தனித்தனி. ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காய்ந்த பேய்க்காற்றுதான். தெருப் புழுதி, புல் மகரந்தம், வேலிக்காத்தான் பூவின் மகரந்தம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். மாசி பங்குனி பிசான நெல் அறுப்பு, மிஷின் ஓடினால் உமித்தூசி தெருவரைக்கும் பறக்கும், ஈரத்தோடு அடுக்கின வைக்கோலில் பூஞ்சையும் இருக்கும். எனக்கும் இந்த அலர்ஜி உண்டு. சின்ன வயதில் வைக்கோல் படப்பில் ஏறிக் குதித்துவிட்டு வந்தால் இரண்டு கண்ணும் வீங்கிவிடும், ஆச்சி நொச்சி இலை போட்டு வேது, அதாவது ஆவி, பிடிக்க வைப்பாள். இப்போதும் அறுப்பு சமயம் ஊருக்குப் போனால் முகக்கவசம் இல்லாமல் வயல் பக்கம் போக மாட்டேன், போவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஸ்பிரேயை ஆரம்பித்துவிடுவேன். நீங்களும் பின்னால் எப்போதாவது ஸ்பிரேயை நிறுத்துகிற நிலைக்கு வந்தால், ஆனிக் கடைசியிலும் தை பாதியிலும் மறுபடி தொடங்கிவிடுங்கள்.

வேது பிடித்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அலர்ஜியை அது மாற்றாது. பெரியவர்கள் பிடிக்கலாம். பிள்ளைக்கு வேண்டாம், கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்தவன் சொல்கிறேன்.

தயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாழைப்பழம், எலுமிச்சை, ஆரஞ்சு, இளநீர் எதற்குமே இல்லை. காற்றில் வருகிற பொருளால் வருவது இந்த நோய், சாப்பாட்டால் தனியாக மூக்கு மட்டும் ஒழுகுவது ரொம்ப அபூர்வம். தலைக்குக் குளிக்கலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் நாலு தும்மல் வந்தால் அது வீங்கின மூக்கின் கூச்சம், நோய் முற்றுகிறது என்று அர்த்தமில்லை, வெந்நீரில் குளித்துக்கொள்ளுங்கள். சொல்லப் போனால் வயலிலிருந்து வந்த நாளில் தலைக்குக் குளித்து உடை மாற்றிவிட்டுப் படுப்பதுதான் நல்லது, முடியில் ஒட்டியிருக்கும் தூசியோடு தலையணையில் சாய்ந்தால் இராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிப்பீர்கள். அத்தையிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நிரந்தர வழி உண்டா என்று கேட்டீர்கள். பரம்பரையில் வருகிற சுபாவம் இது, வேரோடு பிடுங்குகிறேன் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் இருக்கிற இடம் தெரியாமல் அடக்கி வைக்க முடியும், இரத்த அழுத்தத்தை மருந்தால் அடக்கி வைத்து எத்தனையோ பேர் நன்றாக இருக்கிற மாதிரி. நோயின் போக்கையே மாற்றக்கூடிய சிகிச்சை ஒன்று உண்டு, இம்யூனோதெரபி. ஒத்துக்கொள்ளாத பொருளையே ரொம்பக் கொஞ்சமாக ஊசியிலோ நாக்குக்கு அடியிலோ கொடுத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போய், காவல்காரனுக்கு 'இவன் திருடன் இல்லை' என்று பழக்குவது. 1911இல் லண்டனில் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தை வைத்து இதை எழுதினார், இன்றைக்கும் நடக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் விடாமல் போட வேண்டும், ஊசி போட்டபின் அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், திடீர் அலர்ஜி வந்தால் சமாளிக்க வசதி உள்ள இடமாக இருக்க வேண்டும், ஆஸ்துமா கட்டுப்படாமல் இருந்தால் போடக் கூடாது. ஸ்பிரேயையும் சுத்தத்தையும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் சரிப்படவில்லை என்றால் அப்போது யோசிப்போம். அதற்கு முன்னால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கையில் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை செய்வோம், கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். நூறு இருநூறு சாப்பாட்டுப் பொருள் எழுதின இரத்தப் பரிசோதனைப் பட்டியலுக்குப் பணம் கட்டாதீர்கள். வெறும் மொத்த ஐஜிஇ அளவும் பெரிதாக ஒன்றும் சொல்லாது, வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஏறும். மூக்குச் சதையை ஆபரேஷன் செய்தால் அலர்ஜி போய்விடும் என்று யாராவது சொன்னால், அடைப்பு குறையும், அலர்ஜி போகாது.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்க வேண்டும். பெருக்கினபின் நெஞ்சு இறுக்கம், இராத்திரி இருமல், மூச்சில் விசில் சத்தம் உண்டா? மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை, மூக்கு அலர்ஜி உள்ளவர்களில் நிறையப் பேருக்கு ஆஸ்துமாவும் கூடவே இருக்கும். இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும். அதேபோல ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம், நாற்றம், முகத்தில் வீக்கம், குனிந்தால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெளிந்த தண்ணீர் சொட்டுவது, இவை அலர்ஜி இல்லை, தள்ளிப் போடாமல் காட்ட வேண்டும். தென் மாவட்டங்களில் மாடு குளிக்கும் குளத்தில் ஆட்களும் குளிக்கிற ஊர்களில் ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ஒன்று வரும், மூக்குக்குள் சிவந்த சதை, மேலே வெள்ளைப் புள்ளிகள், தொட்டாலே இரத்தம். அதற்கு ஆபரேஷன்தான்.

மகளைப் பார்க்க ஆசைப்படுகிறேன். உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தேய்க்கிறாளா, மூக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கருமை இருக்கிறதா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா, கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாளா என்று கவனியுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். மூக்கு அடைத்தே இருந்தால் நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு காது மந்தமாகும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வது அரையும் குறையுமாகக் கேட்கும், கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்குவாள், அவள் மேல் தப்பே இருக்காது. அவளுக்கும் ஸ்பிரே உண்டு, பெரியவர்களுக்கு எழுதுவதில் பாதி அளவு, ஆனால் பார்த்துவிட்டுத்தான். உங்கள் பாட்டிலை அவளுக்கு அடிக்காதீர்கள். சொட்டு மருந்தை அவள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கு அருகில் காது மூக்கு தொண்டை டாக்டர் யாரும் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, துட்டுக்காகத் தள்ளிப் போட வேண்டாம். என்னிடம் வருவதாக இருந்தாலும் சரி. தோல் பரிசோதனை செய்கிற எண்ணம் இருந்தால் வருவதற்கு ஏழு நாள் முன்னால் அலர்ஜி மாத்திரையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பரிசோதனை தப்பாகக் காட்டும். ஸ்பிரேயை நிறுத்த வேண்டாம். வரும்போது அந்த இரண்டு பாட்டிலையும், இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளையும், ஊசிச் சீட்டு இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், மகளையும் கூட்டி வாருங்கள். ஸ்பிரேயை என் முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டுப் போகலாம்.